மேடம் டிக் போட்ட லேப்டாப்

என் பழைய லேப்டாப்பின் கீல் உடைந்தபோது நான் நாகர்கோவிலில் ஒரு வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். மூடியைத் திறந்ததும் இடது பக்கம் டக்கென்று ஒரு சத்தம். திரை பின்னால் சாய்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. குமாஸ்தா இரண்டு தடிச் சட்டப் புத்தகங்களை எடுத்துவந்து அதன் முதுகுக்கு முட்டுக் கொடுத்தார். அன்றைய வேலையை அப்படியே முடித்துவிட்டு, அதைத் துண்டில் கட்டி, சாயங்கால ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் திரும்பினேன். நல்ல கனம். சும்மாவே தோளை இழுக்கிற சாமான் அது.

என் வேலை இதுதான். நாகர்கோவில் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால் எழுதின நிலப் பத்திரங்கள் நிறைய மலையாளத்தில் கிடக்கின்றன. இப்போது அந்த நிலத்தை வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு மலையாளம் வாசிக்க வராது. பாகம் பிரிக்கவோ விற்கவோ வழக்குக்குப் போகவோ யாராவது அதைத் தமிழாக்கித் தர வேண்டும். நான் செய்து தருகிறேன். பிறந்தது நாஞ்சில் நாடு. கல்யாணமாகித் திருவனந்தபுரத்தில் ஆரியசாலைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. மலையாளம் இங்கே வந்துதான் படித்தேன். எங்கள் வீடு ஒரு மொத்த வியாபாரக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே மிளகாய் வத்தல் மூட்டை இறங்குகிற நேரத்தில் தும்மிக்கொண்டே வேலை பார்க்கப் பழகிவிட்டேன்.

என் கணவர் ஒரு சர்க்கார் ஆபீஸில் செக்‌ஷன் ஆபீஸர். நல்ல மனுஷர். ஆனால் பேச்சு குறைவு. சாயங்காலம் வந்தால் டீ, பேப்பர், டிவியில் செய்தி. நான் ஏதாவது சொன்னால் 'ம்' என்பார். அந்த 'ம்'மில் நாலைந்து வகை உண்டு. எது எதற்கு என்று எனக்குத் தெரியும் என்பதால் எங்களுக்குள் பெரிய கஷ்டம் ஒன்றும் இருந்ததில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். "புதுசு ஒண்ணு வாங்கணும். சின்னதா, ரயில்ல தூக்கிட்டுப் போற மாதிரி."

அவர் பேப்பரை மடக்கினார். "மேடத்துக்கிட்ட கேக்கேன்" என்றார்.

அந்த மேடத்தைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் கண்ணூரிலிருந்து மாற்றலாகி இவருடைய செக்‌ஷனுக்கு வந்தவர். ஆபீஸில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். மத்தியானம் ஆறேழு பேர் சேர்ந்து சாப்பிடுகிற கூட்டத்தில் அவரும் உண்டு. நான் தேங்காய் வறுத்தரைத்துச் செய்து கொடுத்துவிட்ட உள்ளித் தீயலை மேடம் ரொம்ப ருசித்துச் சாப்பிட்டார் என்று இவர் ஒருநாள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம், காலையில் ஷர்ட் பட்டனைப் போட்டுக்கொண்டே அடுக்களைக்கு வந்து, "இன்னைக்குத் தீயல் உண்டா?" என்று கேட்டார். டப்பாவில் என்ன இருக்கிறது என்று இருபத்தைந்து வருஷத்தில் அவர் கேட்டதில்லை. அன்றிலிருந்து, வெளியே மேடம் என்று சொன்னாலும், மனசுக்குள் அவர் எனக்கு 'அவள்' ஆகிவிட்டார்.

லேப்டாப் பேச்சு ஆரம்பித்ததும் எங்கள் வீட்டின் சாயங்காலம் மாறிப்போனது. டீக் குடித்துக்கொண்டே இவர் பேச ஆரம்பித்தார். "மேடம் பறஞ்சது என்னன்னா, சின்ன லேப்டாப்ல ராம் போர்டோட சேத்து ஒட்டியிருக்கும். பின்னாடி கூட்ட முடியாது. அதனால வாங்கும்போதே யோசிச்சு வாங்கணும்." இன்னொரு நாள், "எட்டு ஜிபி இப்பப் போதும், ஆனா மூணு வருஷம் கழிச்சுக் கஷ்டப்படும்னு மேடம் சொல்லுது." மற்றொரு நாள் சார்ஜர் பற்றி. அதற்கடுத்த நாள் திரையின் பளபளப்பு பற்றி. விளக்கு வெளிச்சம் திரையில் விழுந்தால் வாசிக்க முடியாது, மங்கல் திரைதான் நல்லது, இதுவும் மேடம் சொன்னதுதான். இத்தனை வார்த்தைகள் இந்த மனுஷரிடம் எங்கே இருந்தன என்று நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். முகத்தில் ஒரு தெளிவு. கையைக்கூட ஆட்டிப் பேசினார்.

மகள் கொல்லத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை வந்தவளிடம், அப்பா லேப்டாப் பற்றிப் பாடம் எடுக்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே, "மேடம் பறஞ்சா கரெக்டாத்தான் இருக்கும்மா" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஓணத்துக்கு ஆபீஸ்ல பூக்களம் போட்டப்ப அப்பா கூட்டிட்டுப் போனாரே. நல்ல ஆளு அது. அப்பா அங்க எப்படிச் சிரிச்சுப் பேசுறாரு தெரியுமா? எனக்கே அதிசயமாப் போச்சு."

அந்த ஓணத்துக்கு நான் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மகள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். இவர் சிரித்துப் பேசுவதை என் மகள் பார்த்திருக்கிறாள், ஆபீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை இவர் ஒரு காகிதம் கொண்டுவந்தார். ஏதோ சர்க்குலரின் பின்பக்கம். அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டங்கள். முதலாவது, பதின்மூன்று இஞ்ச், எட்டு ஜிபி, சேமிப்பு இருநூற்று ஐம்பத்தாறு. இரண்டாவது, பதினான்கு இஞ்ச், பதினாறு ஜிபி, ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாவது, அதே பதினாறும் ஐந்நூற்றுப் பன்னிரண்டும், ஆனால் பதின்மூன்று இஞ்ச், உயர்ந்த திரை. அதன் பக்கத்தில், 'விலை கூடுதல், டைப்பிங்குக்கு அவசியமில்லை' என்று ஒரு குறிப்பு. இரண்டாவதற்கு நேராக ஒரு டிக்.

எழுத்தை வாசிப்பதுதான் என் பிழைப்பு. ஒரு பத்திரத்தைக் கையில் எடுத்தால், எழுதினவர் எங்கே நிதானமாக எழுதினார், எங்கே அவசரப்பட்டார், எந்த வரி பிறகு சேர்த்தது என்று சொல்லிவிடுவேன். இவர் குளிக்கப் போனதும் அந்தக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு மை. கறுப்பு அவளுடையது, நீலம் இவருடையது. அவளுடையது சின்னச் சின்ன உருண்டை எழுத்து, சுழியெல்லாம் ஒழுங்காக மூடியிருந்தது. அவசரமில்லாத கை. காகிதத்தின் ஓரத்தில் கறுப்பு மையில் மலையாளத்தில், 'சேச்சியுடெ கண்ணு?' என்று இருந்தது. அதற்குக் கீழே நீலத்தில், 'இப்ப கண்ணாடி போடணும். போடமாட்டா' என்று இருந்தது.

மற்ற எதைவிடவும் அந்த ஓரத்து எழுத்துதான் என்னை எரித்தது. என் கண்ணைப் பற்றி இரண்டு பேர் ஒரு ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து, காகிதத்தை அங்குமிங்கும் தள்ளிப் பேசியிருக்கிறார்கள். நான் கண்ணாடி போடத் தயங்குவது இவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்.

மறுநாளிலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன். மத்தியானம் சாப்பிட்டதும் போனை வைத்துக்கொண்டு லேப்டாப் பற்றி யார் யாரோ பேசுகிற வீடியோக்களைப் பார்த்தேன். தமிழில் பார்த்தேன், மலையாளத்தில் பார்த்தேன். ராம் என்றால் மேஜையின் அகலம், சேமிப்பு என்றால் பீரோவின் ஆழம் என்று எனக்குப் புரிகிற மாதிரி நானே வைத்துக்கொண்டேன். எத்தனை நிட் வெளிச்சம், எத்தனை மணிநேரம் பேட்டரி, ஒரு கிலோ இருநூறு கிராமுக்கும் ஒன்றரைக் கிலோவுக்கும் தோளில் என்ன வித்தியாசம், எல்லாம் நோட்டில் எழுதினேன். ஒரு வாரத்தில், இவர் ஒரு வாக்கியம் சொன்னால் நான் இரண்டு சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டேன். என் உழைப்பெல்லாம் எங்கே போய் நின்றது என்றால், பதினாறு ஜிபி, ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் டிக் போட்ட அதே இடம். நோட்டை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிஷத்தில் எழுதினதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

அதனால்தான் முப்பத்திரண்டு கேட்பது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை நானே தனியாக எம்.ஜி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே நின்ற பெண்ணிடம், பதின்மூன்று இஞ்சில் முப்பத்திரண்டு ஜிபி, ஒரு டெராபைட் சேமிப்பு, இருப்பதிலேயே மெலிதாக வேண்டும் என்றேன். அவள் மரியாதையாக என்னைப் பார்த்து, "சேச்சிக்கு வீடியோ எடிட்டிங் ஆணோ?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் உடனே கலர் பற்றியும் கிராஃபிக்ஸ் பற்றியும் விளக்க, நானும் வாழ்நாள் பூராவும் வீடியோ எடிட் செய்தவள் மாதிரி தலையாட்டினேன். அந்த மாடல் கடையில் இல்லை, வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன்.

"முப்பத்திரண்டா? என்னத்துக்கு?"

"எனக்கு வேணும்."

"மேடம் பதினாறு போதும்னுதானே..."

"வாங்குறது யாரு? மேடமா, நானா?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அவங்க பேரைச் சொன்னாலே நீ ஏன் ஒரு மாதிரி ஆயிருக?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் ஒரு மாதிரியும் ஆகல" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினேன். அவர் எழுந்து வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. டிவியில் செய்தி ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்ததும், பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்ட முகத்தோடு சொன்னார். "ரெண்டாம் சனி லீவு. மேடம் கடைக்கு வாரேன்னு சொல்லியிருக்காங்க. நீயே நேர்ல பேசிக்கோ."

சனிக்கிழமை காலையில் பீரோவைத் திறந்து நின்ற நேரம் எனக்கே வெட்கமாக இருந்தது. லேப்டாப் வாங்கப் போகிறவள் மூன்று சேலையை எடுத்து மடித்து வைத்தேன். கடைசியில் மாம்பழ நிறத்தில் ஒரு காட்டன் சேலை. கண்ணாடியைக் கைப்பையின் அடியில் போட்டேன். இவர் அதைப் பார்த்தார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் கடையில் பத்து நிமிஷம் நின்றிருப்போம். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் உதறினாள். நாற்பது வயது இருக்கும். சுடிதார். ஹெல்மெட்டை எடுத்ததும் முடி தலையோடு ஒட்டிக்கிடந்தது. பார்க்கச் சுமார் என்று சொல்லி நிம்மதிப்பட வழியில்லை, அழகி என்று கோபப்படவும் வழியில்லை. நேராக என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை.

"சேச்சியுடெ தீயலுக்கு நான் ஃபேன் ஆணு" என்றாள்.

அவள் பேசினது முழுக்க மலையாளம். இனி அதைத் தமிழிலேயே சொல்கிறேன்.

நான் தயாராகத்தான் போயிருந்தேன். நிட், கிராம், பேட்டரி எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அதில் ஒன்றையும் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டுவிட்டு, "சேச்சி காலையில வேலைக்கு உக்காந்தா முதல்ல எதைத் திறப்பீங்க?" என்று கேட்டாள்.

என்னை மடக்கப் பார்க்கிறாளோ என்று நினைத்தேன். ஆனாலும் பதில் சொன்னேன். முதலில் பத்திரத்தின் படம். ஸ்கேன் செய்தது, சிலது போனில் எடுத்தது. ஒரு பத்திரத்துக்கு இருபது பக்கம் வரும். அதைப் பெரிதாக்கி இடது பக்கம் வைப்பேன். வலது பக்கம் நான் எழுதுகிற தமிழ். பின்னால் அகராதி, பழைய எண்களின் அட்டவணை, மலையாளக் கொல்லம் ஆண்டை இங்கிலீஷ் ஆண்டாக மாற்றுகிற தாள். இதே நிலத்துக்கு இதற்கு முன்னால் எழுதின பத்திரமும் திறந்திருக்கும்.

"டைப்பிங்னு சார் சொன்னாரே" என்றாள்.

"டைப்பிங்கும் உண்டு" என்றேன்.

"இல்ல, சார் என்கிட்ட டைப்பிங்னு மட்டும்தான் சொன்னாரு. வீட்டில கொஞ்சம் டைப்பிங் வேலை, அவ்வளவுதான்னு." அவள் திரும்பி, ஹெட்போன் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்ற இவரைக் கூப்பிட்டாள். "சார், இதா டைப்பிங்?"

இவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. பதினாறு வருஷமாக நான் செய்கிற வேலைக்கு இவர் வெளியே வைத்திருக்கும் பெயர் அது.

அவள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மலையாளத்தில் 'நிலம்' என்றால் வயல், தமிழில் நிலம் என்றால் எந்த மண்ணும் நிலம்தான் என்று நான் சொன்னதும், அப்போது என்ன செய்வீர்கள் என்றாள். அதில் தவறிப்போய் ஒரு வழக்கே திரும்பின கதையைச் சொன்னேன். அவள் விழுந்து சிரித்தாள். சிரித்தபோது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்னையறியாமல் நானும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

"இப்பக் கையில இருக்கிற பத்திரம் ஒண்ணு காட்டுங்க" என்றாள்.

போனில் சில பக்கங்கள் இருந்தன. பெயர்கள் தெரியாதபடி ஒரு வரியை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன். நாலு எல்லையில் கிழக்கு எல்லை. அதில் ஒரு சொல்லை 'களம்' என்றும் படிக்கலாம், 'குளம்' என்றும் படிக்கலாம். மலையாளத்தில் ககரத்துக்கு அடியில் ஒரு வால் இருந்தால் 'கு'. அந்த வால் வர வேண்டிய இடத்தில் காகிதம் மடிந்து நைந்திருந்தது. இரண்டு வாரமாக நான் அதில் மாட்டிக்கொண்டிருந்தேன். நெல்லடிக்கிற களம் என்றால் அந்தத் துண்டு நிலம் ஒரு தம்பிக்கு, குளம் என்றால் இன்னொரு தம்பிக்கு.

அவள் கடைப் பெண்ணிடம் பேசி, அந்தப் படத்தைக் காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்களில் ஏற்ற வைத்தாள். முதலில் அவள் டிக் போட்ட பதினான்கு இஞ்ச். படம் பெரிதாகத் தெரிந்தது. மடிப்பு ஒரு பழுப்புக் கோடாகத்தான் இருந்தது. பிறகு அந்த மூன்றாவது, பதின்மூன்று இஞ்ச், உயர்ந்த திரை. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எனக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. கண்ணாடி கைப்பைக்குள் கிடந்தது.

"சேச்சி, வால் உண்டு" என்றாள் அவள். "இதோ. மடிப்புக்குக் கீழ மெல்லிசா வளையுது."

இரண்டு வாரமாக நான் தேடின வாலை அவள் அரை நிமிஷத்தில் பார்த்துவிட்டாள். அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் வந்த பொறாமைக்கு முன்னால், தீயலும் சிரிப்பும் ஒன்றுமே இல்லை. அவை இவருடைய விஷயம். இது என்னுடையது. நான் கைப்பையைத் திறந்து, அடியில் கையை விட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இவர் பார்க்கிறார் என்று தெரிந்தும் போட்டேன். வால் இருந்தது. மெல்லிய முடி மாதிரி.

"மடிப்பின் நிழலாவும் இருக்கலாம்" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. அடுத்த பக்கத்தை ஏற்றச் சொல்லி ஏழாவது வரியைக் காட்டினேன். அதில் தண்ணீர்ப் பங்கு பற்றி ஒரு குறிப்பு இருந்தது. பலமுறை வாசித்திருந்தும், அதை இந்தச் சொல்லோடு நான் சேர்த்துப் பார்த்ததில்லை. "தண்ணிப் பங்கு வருதுன்னா இது குளந்தான். களத்துக்கு என்ன தண்ணி?"

அவள் என்னைப் பார்த்தாள். "அப்ப என் டிக் தப்பு" என்றாள். "சேச்சிக்கு வேண்டியது நல்ல திரை. மூணாவதை எடுங்க. பதினாறு தாராளம். முப்பத்திரண்டு கேட்டீங்கன்னு சார் சொன்னாரு. அது எதுக்கு?"

"சும்மா கேட்டேன்" என்றேன்.

மூன்றாவதையே வாங்கினோம். அவள் பில் போடும்வரைகூட நிற்கவில்லை. பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்முன் என் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் தம்பானூர் வழியாக நடந்தே வந்தோம். இவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், நான் குடை பிடித்தேன். கொஞ்ச தூரம் வந்ததும், "இதெல்லாம் நீ என்கிட்டச் சொன்னதே இல்லையே" என்றார்.

"சொல்லியிருக்கேன். நீங்க பேப்பர் பாத்துட்டு இருந்தீங்க."

"ம்" என்றார். அது எனக்குத் தெரியாத ஒரு 'ம்'மாக இருந்தது.

அந்த நடையில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. மூன்று வருஷமாக, ஒவ்வொரு மத்தியானமும், இந்த மனுஷருக்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து இப்படிக் கேட்கிறது. முதலில் எதைத் திறப்பீர்கள், அப்புறம் என்ன செய்வீர்கள் என்று. கேட்டுவிட்டுப் பதிலைக் கேட்கவும் செய்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் யார்தான் சிரித்துப் பேசமாட்டார்கள்? நான் நாள் முழுக்கச் செத்துப்போனவர்களின் கையெழுத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு அரைமணி நேரம் கிடைத்தது எனக்கு. இவருக்கு அது தினமும் கிடைக்கிறது. அதுவரை அவள் மேல் இருந்த பொறாமை, அப்படியே இவர் பக்கம் திரும்பிவிட்டது. குடையைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பெட்டி நனையாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர் இடது தோள் நனைந்தது.

புது லேப்டாப் வந்த பிறகு இவர் கொஞ்சம் மாறினார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் டீயைக் குடித்துக்கொண்டே, "இன்னைக்கு என்ன பத்திரம்?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் ஒருநாள் ஒரு பாகப் பத்திரத்தின் கதையைச் சொன்னேன். அண்ணன் வீட்டையும் தோப்பையும் எடுத்துக்கொண்டு, பலாவின் தெற்குக் கிளையில் காய்ப்பது மட்டும் ஆயுள் முழுக்கத் தங்கைக்கு என்று எழுதி வைத்திருந்தான். இவர் ரசித்துக் கேட்டார். மறுநாள் வந்து, "அந்தப் பலாக் கதையைச் சாப்பிடும்போது சொன்னேன். மேடம் அப்படிச் சிரிச்சாங்க. கிளை முறிஞ்சுபோனா என்ன செய்வாங்கன்னு கேட்டாங்க" என்றார்.

நல்ல கேள்வி. என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று கதைகள் சொன்னேன். எல்லாம் டப்பாவோடு சேர்ந்து ஆபீஸுக்குப் போயின. என் கதைகளை வைத்து இவர் அங்கே பேர் வாங்குகிறார் என்று தோன்ற ஆரம்பித்தது. பிறகு சாதாரணமானதை இவரிடம் சொல்வது, நல்லதை எடுத்து வைத்துக்கொள்வது என்று செய்தேன். யாருக்காக எடுத்து வைக்கிறேன் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும். ஒரு விடுதலைப் பத்திரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தன் பங்கு முழுவதையும் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிறார். யார் மேலும் வருத்தமில்லாமல், முழு மனசோடு எழுதிக்கொடுப்பது என்று இருக்கிறது. அதற்குக் கீழே அவர் போட்ட கையெழுத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. புதுத் திரையில் அந்தக் கிழிசலின் நார்கூடத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு போனை எடுத்து மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் ஆபீஸ் வராந்தாவில் நின்று பத்து நிமிஷம் கேட்டார். அந்தத் தம்பி பிறகு என்ன ஆனார், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். இரண்டு பேரும் அதைப் பற்றி ஏதேதோ ஊகித்தோம்.

சாயங்காலம் இவர் வந்தார். டீயை வாங்கிக்கொண்டு, "கையெழுத்துக் கிழிஞ்ச கதை ஒண்ணு இருக்காமே" என்றார்.

"ஆமா."

"மேடம் எல்லார்கிட்டயும் சொன்னாங்க. நீ என்கிட்டச் சொல்லலையே."

"காலையிலதான் பாத்தேன்."

"எனக்கும் ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்று சொல்லி, டீயில் பார்வையை வைத்துக்கொண்டார். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஒரு மாதத்துக்கு முன்னால் நான் முகம் பார்க்கிற கண்ணாடியில் இருந்தது. பாவமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த மாற்றல் பட்டியலில் மேடத்துக்குக் கண்ணூர் கிடைத்தது. மூன்று வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த மாற்றல். வழியனுப்பு நாளில் நான் ஒரு பெரிய டப்பா நிறையத் தீயல் செய்து கொடுத்தேன். இவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்கள் சாயங்காலம் பழையபடி ஆகிவிட்டது. டீ, பேப்பர், செய்தி. இவர் வருத்தப்படுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஏன் இவ்வளவு வருத்தம் என்று கோபப்பட எனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எனக்கும் பதினோரு மணியானால் போனைப் பார்க்கிற பழக்கம் வந்திருந்தது. இரண்டு பேரும் ஒரே ஆளை நினைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து டீக் குடித்தோம்.

போன வாரம் மேடம் கூப்பிட்டார். என் போனில்தான். முக்கால் மணிநேரம் பேசினோம். அவருடைய அம்மாவின் முழங்கால், புது ஆபீஸ், பிள்ளை அங்கே பள்ளிக்கூடத்தில் படுகிற பாடு, அப்புறம் அவர்கள் வீட்டிலேயே கிடைத்த ஒரு பழைய ஆதாரம், மலையாளத்தில் பத்திரத்துக்கு அதுதான் பேர். அதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எழுத்து எழுத்தாக உட்கார்ந்து வாசித்தோம்.

இவர் வந்ததும் சொன்னேன், மேடம் கூப்பிட்டிருந்தார் என்று.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். "என்ன சொன்னாங்க?"

"லேப்டாப் நல்லா ஓடுதான்னு கேட்டாங்க" என்றேன்.

"வேற ஒண்ணும் கேக்கலையா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனேன்.